சிவப்பு மூடி, நீல மூடி

கத்தரிக்கோல் வாங்கிட்டு வா துரைன்னாக டாக்டரம்மா. சரிம்மான்னு எந்திரிச்சு வந்துட்டேன். வந்து இந்தா வராந்தாவுல பாதி தூரம் நடந்தாச்சு, காலு நடக்குது, வவுறு மட்டும் அங்கனயே மேசை மேல அந்தக் கவருக்குப் பக்கத்துல ஒக்காந்திருக்கு. மணி பதினொன்னு இருவது. பன்னெண்டுக்குக் கவரப் பிரிக்கணும். அரக்கு வச்சு ஒட்டுன பழுப்புக் கவரு, ஒண்ணர வருசமா பீரோவுக்குள்ள பூட்டிக் கெடந்தது, இன்னைக்கு வெளிய வந்து என்னையவே பாக்குது. கையால கிழிச்சுருவோமேம்மான்னு சொல்லிப் பாத்தேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியல, வாயில வந்துச்சு. அவுக கண்ணாடியக் கழட்டித் தொடச்சுக்கிட்டே, "கிழிச்சா உள்ள இருக்கிற தாளும் சேந்து கிழியும் துரை. முப்பது வருசம் காத்தாச்சு, ஒழுங்கா வெட்டித் தொறப்போம்"னாக. முப்பது வருசம்னு சொல்லும்போது சத்தத்தக் கூட்டலயும் இல்ல, கொறைக்கலயும் இல்ல, காய்ச்சல் எத்தனை டிகிரின்னு சொல்ற மாதிரி சொன்னாக. இந்த மனநல ஆஸ்பத்திரியில என்னையத் துரைன்னு கூப்புடுறது அவுக ஒருத்தருதான். எம்பேரு ஊமைத்துரை. பெத்தவுக பேர வச்சுட்டுப் போயிட்டாக, சாமி வாய வச்சு அனுப்பிருச்சு, ரெண்டு தரப்பும் ஒருக்கக் கலந்து பேசியிருக்கலாம். நான் வாயத் தொறந்தா ஆம்பளை வார்டு பூராம் சிரிக்கும், மூடுனா கரண்டு போயிருச்சான்னு கேப்பாய்ங்க. அப்பேர்ப்பட்ட வாயி பதினோரு மாசமா ஒரே ஒரு சமாச்சாரத்துல மட்டும் பேருக்கேத்த மாதிரி கெடக்கு. சொல்லிருன்னு ஒரு பக்கம். சொல்லாதன்னு ஒரு பக்கம். உள்ளுக்குள்ள ரெண்டு பேரு பேசுறாய்ங்கன்னு வெளிய சொன்னா இங்க பெட்டு போட்டுக் குடுத்துருவாக, அது வேற.

சமாச்சாரம் பெருசில்ல. அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிறேன். ரெண்டு டப்பா. ஒண்ணு சிவப்பு மூடி, ஒண்ணு நீல மூடி. உள்ள இருக்கிற மாத்திரை ஒரே நெறம், ஒரே நீளம், செஞ்சவனே கொழம்பிப் போவான். ஒரு டப்பாவுல சத்து, இன்னொண்ணுல வெறும் மாவு. ஆம்பளை வார்டுல நாப்பது பேரு, இருவது பேருக்குச் சிவப்பு, இருவது பேருக்கு நீலம். வழக்கமாத் திங்கிற மாத்திரையோட இது ஒண்ணு கூட. வீட்டாளுகளக் கூப்புட்டு வெவரஞ்சொல்லிக் கையெழுத்து வாங்கித்தான் ஆரம்பிச்சாக. எந்த டப்பாவுல சத்துன்னு அந்தக் கவருக்குள்ளதான் எழுதியிருக்கு, அம்மாவுக்கே தெரியாது. தை மாசம் ஆரம்பிச்ச அன்னைக்குச் சொன்னாக, "எனக்கும் தெரியக் கூடாது துரை. தெரிஞ்சா சத்து திங்கிறவன் மட்டும் தெளிஞ்சிட்டான்னு என் கண்ணு பாக்கும். கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் செய்யணும்." நான் அப்பவே, கண்ணக் கட்டிக்கிட்டுப் பரிமாறுனா ரசம் மடியில ஊத்தும்மான்னேன். அவுக சிரிக்கல. சிரிக்க மாட்டாக. எழுதிக்கிருவாக. யாரு என்ன சொன்னாலும் பையில இருந்து ஒரு சின்ன நோட்ட எடுத்து எழுதிக்கிருவாக, கிறுக்குன்னு நாம ஒதுக்குன ஆளு சொன்னாலும் சரி, கலெக்டர் சொன்னாலும் சரி, ஒரே மை. முப்பது வருசத்துக்கு முன்னாடி நாசரேத்துல இருந்து ஒல்லியா வந்தாக, ஹெப்சிபான்னு பேரு, எங்களுக்கு வாயில நொழையல, டாக்டரம்மான்னு ஆயிட்டாக. பச்சக் கலர் ஸ்கூட்டர்ல ஊரூராப் போயி, மனசு செத்து மொடங்கிக் கெடந்த பொம்பளைகளுக்கு மாத்திரையும் குடுத்து ரத்தமும் எடுத்தாக. மனசுல கோளாறுன்னா ரத்தத்துல என்னத்தப் பாக்குறதுன்னு ஊரே கேட்டுச்சு. கஞ்சியும் ஊறுகாயுமாத் தின்ன ஒடம்புல சத்து இல்ல, சத்து இல்லாத மூளையில வெளக்கு மங்கலா எரியுதோ என்னமோன்னு அவுகளுக்கு ஒரு சந்தேகம். சந்தேகம்னுதான் சொல்லுவாக. ஒருநா கூட நிச்சயம்னு சொன்னதில்ல. மொதல்ல மனச்சோர்வுக்குப் பாத்தாக, பெறகு உள்ளுக்குள்ள கொரல் கேக்குற சீக்குக்குப் பாத்தாக. ஆட்டு மண்ணீரலக் கறிக்கடையில சுவரொட்டின்னு கேட்டு வாங்கிக் குடுங்கன்னு சொல்லப் போயி, சுவரொட்டி டாக்டர்னே பேரு நெலச்சுப் போச்சு. அந்தப் பேர வச்சது யாருன்னு கேட்டா நான் கூரையப் பாப்பேன். மெட்ராஸ்ல ஒரு கூட்டத்துக்குப் பெட்டி தூக்கிக்கிட்டுப் போயிருந்தேன், கோட்டு போட்ட ஒரு பெரிய டாக்டர் எந்திரிச்சு, மேடம், ஈரல் வறுவல் தின்னுட்டாப் பேய் போயிருமான்னு கேட்டாரு, மண்டபமே சிரிச்சுச்சு. பின் பெஞ்சுல நானும் சிரிச்சேன். நல்ல ஜோக்குன்னா எனக்கு அடக்க முடியாது. அம்மா மேடையில நின்னுக்கிட்டே அத எழுதிக்கிட்டாக. ரயில்ல வரும்போது, எதுக்கும்மா அதப் போயி எழுதுனீகன்னேன். "சிரிக்கிறவங்க சொல்றதுலயும் ஏதாவது இருக்கும் துரை"ன்னாக. அன்னைக்கு ராத்திரி பூராம் படுத்திருந்த பலகை குத்திக்கிட்டே வந்துச்சு.

குருவம்மா சிஸ்டர் டிரெஸ்ஸிங் ரூம்ல பஞ்சு உருட்டிக்கிட்டிருந்துச்சு. ராசபாளையத்துப் பிள்ள, சாவி பூராம் அதுகிட்டத்தான். எங்க ஆஸ்பத்திரியில கத்தரி, பிளேடு, கயிறு, பெல்ட்டு எல்லாம் பூட்டுக்குள்ள. ஒரு ஊசி வெளிய வந்தாலும் நோட்டுல ஏத்தணும், எத்தன மணிக்கு, எதுக்கு, யாரு. "என்னண்ணே, மூஞ்சி பேயறஞ்ச மாதிரி இருக்கு"ன்னுச்சு. "பெறந்ததுல இருந்தே அறஞ்சுதான் இருக்கு தாயி, இன்னைக்குத்தான் நீ கண்ணாடி போட்டிருக்க"ன்னேன். சிரிச்சுச்சு. பாத்தீகளா, வாய் நல்லாத்தான் வேலை செய்யுது. ஓட்டையான வாளியில தண்ணி எடுக்கிற மாதிரி வழியெல்லாம் ஒழுகுது, சேர வேண்டிய எடத்துக்கு மட்டும் சொட்டு போய்ச் சேர மாட்டேங்குது. நோட்ட நீட்டுச்சு. நான் அஞ்சாப்பு. எழுத்துக்கூட்டி, க, வ, ர் போட்டேன், அதுக்கப்புறம் கை நின்னு போச்சு. கவர் என்ன. கவர் வெட்ட. வெட்டணும்ல, எழுது. "வெட்டன்னு எழுதுங்கண்ணே, கவரத் திங்கவா போறீக"ன்னு சிஸ்டரு எனக்கே ஜோக்கு சொல்லுது. எம்பொழப்பு அம்புட்டுக்கு வந்துருச்சு. கத்தரிய எடுத்துத் தொடச்சுக்கிட்டே, "இன்னைக்கு அம்மாவுக்கு நல்லதா வரணும்ணே, எங்கூரு மாரியாத்தாவுக்கு நேந்திருக்கேன். இன்னும் ரெண்டு வாரத்துல ரிட்டையரு. ரெண்டு டப்பாவுக்கும் வித்தியாசம் இல்லன்னு வந்துட்டா, பணம் குடுக்கிற டிரஸ்ட்டுல மாத்திரைய நிப்பாட்டச் சொல்லிருவாகளாம், அம்மாதான் சொன்னாக. பயலுக இப்பத்தான் ஏதோ பல்லு வெளக்குறாய்ங்க, சட்ட பொத்தான் போடுறாய்ங்க"ன்னுச்சு. நான் கத்தரிய வாங்கிச் சட்டைக்குள்ள பனியன் பக்கம் கூர் கீழ பாக்கச் சொருகிக்கிட்டேன், வார்டு வழியாப் போகும்போது யாரு கண்ணுலயும் படக் கூடாது. இரும்பு சில்லுன்னு வவுத்துல ஒட்டுச்சு. வித்தியாசம் இல்லன்னுதான் தாயி வரும். வேற எப்படி வரும். ரெண்டு டப்பாவையும் கலந்துவிட்டவன் ஒங்கிட்ட கையெழுத்துப் போட்டுக் கத்தரி வாங்கிட்டுப் போறான். சொன்னேனா. இல்ல. "சூதானமா வச்சுக்கங்கண்ணே"ன்னுச்சு, சரி தாயின்னேன், அவ்வளவுதான்.

ஒண்ணுக்கு முட்டுது. பயந்தா எனக்கு அப்படி. ஆம்பளைக் கக்கூஸுக்குள்ள போயி நின்னா, எல்லாம் ஆரம்பிச்ச எடத்துலயே வந்து நிக்கிறேன். கழுவுறது நான், பெனாயில் ஊத்துறது நான், படுத்த படுக்கையா இருக்கிறவனுக்குப் பேசின் எடுக்கிறது நான். தையில மாத்திரை ஆரம்பிச்சு மாசி பெறக்கல, எனக்குத் தெரிஞ்சு போச்சு. சிவப்பு மூடிக்காரன் போனா மஞ்சத்தண்ணி, திருவிழாவுல மாமன் மச்சான் மேல ஊத்துவாகள்ல, அந்த மஞ்சள், பளபளன்னு. நீல மூடிக்காரன் போனா வெறுந்தண்ணி. படிச்சவுக கூடி அரக்கு வச்சு ஒட்டிப் பூட்டி ஒளிச்சு வச்ச ரகசியம் இங்க தொட்டியில தெனமும் காலையில ஆறு மணிக்கு ஓடிக்கிட்டிருக்கு. நல்ல ஜோக்கு. அம்மாகிட்டச் சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும். ஆனா எனக்குத் தெரியக் கூடாதுன்னு சொன்ன மனுசிகிட்ட எப்படிப் போய்ச் சொல்றது, அவுக கண்ணு கெட்டுப் போகும்னு விட்டுட்டேன், நல்லதுன்னு நெனச்சு. நான் கெட்டது பண்ணது பூராம் நல்லதுன்னு நெனச்சுப் பண்ணதுதான். எனக்குத் தெரிஞ்சது பத்தாதுன்னு பங்குனிக்குள்ள பயலுகளுக்கும் தெரிஞ்சு போச்சு. மூளை சரியில்லன்னு எழுதி வச்சிருக்காக, மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாமயா போகும். மஞ்சக் கோஷ்டி ஒரு பக்கம் நின்னுக்கிட்டு, எனக்குத் தங்கம் போகுதுடா, ஒனக்குத் தண்ணிதான்டாம்பாய்ங்க. வெள்ளைக் கோஷ்டி தலையக் குனிஞ்சு போகும். அதுல ஒருத்தன் மயில்வாகனன். சிவகாசிப் பக்கம், கடைகளுக்குப் போர்டு எழுதுன ஆளு, கையில பிரஸ் பிடிச்சா எழுத்து அச்சு மாதிரி நிக்குமாம். இங்க வந்து மூணு வருசம் ஒரு வார்த்த பேசல, ஒரு வெரலால காத்துல எழுதிக்கிட்டே இருப்பான். என்னென்னமோ ஜோக்கு சொல்லிப் பாத்துட்டேன், வார்டே உருளும், அவன் மட்டும் செவுரு. எனக்கு அது ஒரு கௌரவப் பிரச்சனை. அவன் ஒருநா தொட்டிய எட்டிப் பாத்துட்டு, என்னைய நிமிந்து பாத்தான். கேள்வி ஒண்ணும் கேக்கல.

அடுத்து ஆடி மாசம். எங்க கருப்பு கோயில்ல கெடாவெட்டு, மூணாவது வெள்ளி. பந்தியில ஒக்காந்திருக்கேன், பக்கத்துல ஒரு கான்ட்ராக்டர், அவரு எலையில கறி கறியா விழுகுது, வாளி எங்கிட்ட வந்ததும் கரண்டி திரும்பி அடியில போயி எலும்பும் கொழம்பும் அள்ளுது. ஊத்துனவன் எம்பெரியப்பன் மகன்தான். நாய் வந்தா போடுறதுக்கு எங்கிட்டக் குடுத்து வச்சிருக்காய்ங்கப்பான்னு சொன்னேன். பந்தியே சிரிச்சுச்சு, கான்ட்ராக்டர் பொறையேறச் சிரிச்சாரு. நானும் சிரிச்சுக்கிட்டே எலும்பக் கடிச்சேன். கடிச்சேன், முழுங்க முடியல. சண்டைக்காரன்னா வாளியத் தட்டிவிட்டு எந்திரிச்சிருப்பான், எனக்கு வாயில ஜோக்குத்தான் வருது, வந்து வந்து எல்லாத்தையும் கெடுத்துருது. பந்தி வஞ்சனை ஏழு பெறப்புக்கும் விடாதுன்னு எங்கூர்ல சொல்லுவாக. மறுநா சனிக்கெழமை டூட்டி, ஸ்டோர்ல அந்த மாசத்து டப்பா ரெண்டும் புதுசா வந்து ஒக்காந்திருக்கு. வார்டுக்கு எடுத்துட்டுப் போறது நான்தான். ஒரே வார்டு, ஒரே பந்தி, இருவது எலைக்குக் கறி, இருவது எலைக்கு எலும்பு, வாளி எங்கையில. கதவச் சாத்துனேன். கஞ்சி கிண்டுற தேக்சாவக் கழுவித் தொடச்சு ரெண்டு டப்பாவையும் அதுல கொட்டுனேன், கையால கிண்டுனேன், தேங்கா சாதம் கிண்டுற மாதிரி அடி வரைக்கும் பொரட்டி, திரும்ப ரெண்டுலயும் நெரப்பி மூடிய மூடுனேன். மாசா மாசம் அதையே பண்ணுனேன். சமமாப் பண்ணுனேன். ஆளாளுக்கு ஒருநா மஞ்சளு, ஒருநா வெள்ளை, கோஷ்டி கலஞ்சு போச்சு, தங்கம் தகரம்னு பேச்சே இல்ல. சமமாத்தான் பண்ணுனேன். ரத்தமும் ஆரம்பத்துல ஒருக்க எடுத்ததோட சரி, ரெண்டாந்தடவைக்கு ஆஸ்பத்திரியில வசதி இல்ல, யாருக்கும் தெரிய வழியில்ல. சமமா. சமமான்னு எதுக்குத் திருப்பித் திருப்பிச் சொல்றேன். இந்த எடத்துக்கு வந்தா மட்டும் பல்லுல நாரு மாட்டுன மாதிரி மாட்டிக்கிது. அந்த ஊறுகா பாட்டில் இப்பவும் எம்பெட்டிக்குள்ளதான் இருக்கு. வேணாம். அத நெனைக்க வேணாம், கையக் கழுவிட்டு வெளிய போ.

வெளிய வந்தா மயில்வாகனன் கக்கூஸ் கதவுக்கு முன்னாடி ஏணிப்பலகையில ஒக்காந்து, கையில நீலப் பெயிண்டு டப்பா, ஆண்கள் மட்டும்னு எழுதிக்கிட்டிருக்கான். ண்-ல சுழி மூணும் முட்டை மாதிரி ஒரே அளவு. போன வருசம் இந்நேரம் காத்துல எழுதுனவன். "அண்ணே, உள்ள போயி ரொம்ப நேரமா ஆளக் காணமே, எழுத்துக் காஞ்சு போச்சு, உள்ளயே குடித்தனம் வச்சுட்டீகளோ"ன்னான். எனக்கே. எந்தொழில எங்கிட்டயே காட்டுறான். "ஆண்கள் மட்டும்னு போட்டிருக்கியே, கூடப் பேதியையும் கூட்டிட்டு வந்தா விட மாட்டியா"ன்னேன். சிரிச்சான். கீழ் வரிசையில ஒரு பல்லு இல்லாதது சிரிக்கும்போதுதான் தெரியும். சிரிச்சு முடிச்சு பிரஸ்ஸத் தண்ணியில அலசிக்கிட்டே மெதுவா, "இன்னைக்குக் கவரு பிரிக்கிறாகளாமே"ன்னான். "யாரு சொன்னா?" "எல்லாரும்தான். பெறகு மாத்திரைய நிப்பாட்டிருவாகளாண்ணே?" நான் வானத்தப் பாத்தேன். "நிப்பாட்டுனா ஒனக்கென்னப்பா, மாவோ சத்தோ, எது வேலை செஞ்சுச்சுன்னு யாரு கண்டா"ன்னேன். அவன் பிரஸ்ஸ ஒதறுனான், நாலு சொட்டு நீலம் தரையில விழுந்துச்சு. "எனக்குந் தெரியலண்ணே. ஆனா உள்ள பேசுறவன் இப்பல்லாம் லீவு போடுறான். மொதல்ல ஞாயித்துக்கெழம மட்டும் வரல. பெறகு வாரத்துல மூணு நா வர்றதில்ல. இப்ப வந்தாலும் வாசல்ல நின்னு பேசிட்டுப் போயிர்றான், உள்ள வர்றதில்ல. மாத்திரைய நிப்பாட்டுனா டூட்டிக்குத் திரும்பிருவானோன்னு பயமா இருக்கு. ஒண்ணுமில்லண்ணே, சும்மா கேட்டேன்"னு சொல்லிட்டு ட்-டுக்குப் புள்ளி வைக்கக் குனிஞ்சுட்டான். சட்டைக்குள்ள கத்தரி வவுத்துல இருந்து மெள்ள எறங்கி இடுப்புல வந்து நிக்குது. பந்தி வஞ்சனை வேணாம்னு கலக்குனவன் பந்தியவே எடுத்துட்டான்டா மயிலு. கவரப் பிரிப்பாக, பேருக்கு நேரா சத்து, மாவுன்னு எழுதுவாக, தெளிஞ்சதுக்கு மார்க்குப் போட்டிருக்காகள்ல, கூட்டிப் பாப்பாக, ரெண்டும் ஒண்ணா நிக்கும். மாவு தின்னவனும் தெளிஞ்சிருக்கான், அப்பச் சத்துல ஒண்ணுமில்லன்னு முடிஞ்சிரும். அம்மா சண்ட போட மாட்டாக. கண்ணாடியத் தொடச்சுக்கிட்டு, முப்பது வருசம் தப்பாச் சந்தேகப்பட்டிருக்கேன்னு அதையும் அதே மையில எழுதிக்கிட்டு வீட்டுக்குப் போயிருவாக. அத நெனச்சாத்தான் எனக்குத் தாங்கல. வேலை போகும், போகட்டும், கக்கூஸ் கழுவ வேற எடமா இல்ல. போலீஸு கீலீஸு வருமா. மாத்திரையக் கலந்ததுக்கு என்ன கேஸு போடுவாய்ங்க. எம்பொண்டாட்டி சிட்டுகிட்ட நேத்து ராத்திரி சாடையாக் கேட்டேன், ஒரு ஆளு இப்படிப் பண்ணிட்டான்னு வையி அப்படின்னு. அந்த ஆளு நீதானன்னா. அவ கேஸ முடிக்க ஒரு நிமிசம் ஆகல. போயிச் சொல்லுன்னா. பதினோரு மாசமாச் சொல்லாத ஆளு இனியா சொல்லப் போகுதுன்னு திரும்பிப் படுத்துக்கிட்டா.

அம்மா ரூம்புக்குப் பதினோரு எட்டு இருக்கு. நான் எண்ணி நடக்கிறேன். அஞ்சாவது எட்டுல, சொல்லாட்டி என்னன்னு தோணுது. ஏழாவதுல, பாதி சொல்லலாம், மஞ்சளாப் போச்சுன்னு மட்டும் சொல்லலாம், கலந்தத விட்டுரலாம். ஒம்போதாவதுல மயிலு எழுதுற சத்தம் பின்னாடி கேக்குது, பெயிண்டு பிரஸ்ஸுக்கு என்ன சத்தம் இருக்கும், கேக்குது. உள்ள போயிட்டேன். கவரு மேசை நடுவுல இருக்கு, பக்கத்துல பேரு எழுதுன தாளு, நாப்பது பேரு. அம்மா கையத் தொடச்சுக்கிட்டு நீட்டுனாக. நான் சட்டைக்குள்ள கைய விட்டுக் கத்தரிய எடுக்கிறேன், பனியன்ல மாட்டிக்கிது, இழுக்க இழுக்க வரல. "என்ன துரை?" "மஞ்சளாப் போகுதும்மா." "என்னது?" "சிவப்பு மூடிக்காரங்களுக்கு ஒண்ணுக்கு மஞ்சளாப் போகும்மா. நீலத்துக்கு வெள்ளை. தை மாசத்துல இருந்தே." நீட்டுன கை அப்படியே நிக்குது. பனியன் கிழிஞ்சு கத்தரி வந்துச்சு, அவுக கையில குடுக்காம மேசையில வச்சேன். வச்சுட்டு மீதியையும் சொன்னேன். தேக்சா, தேங்கா சாதம், பந்தி, எலும்பு எல்லாம். வழியில ஒரு ஜோக்கு வந்துச்சு, முழுங்கிட்டேன், பெறந்ததுல இருந்து மொதத் தடவ. அவுக கவரப் பாத்தாக. என்னையப் பாத்தாக. "முப்பது வருசமா ரத்தத்தப் பாத்தேன். ஒண்ணுக்கப் பாக்கல"ன்னாக. எங்கிட்டச் சொல்லல, கவருகிட்டச் சொன்ன மாதிரி இருந்துச்சு. பெறகு, "நீ நல்லது பண்ணல துரை"ன்னாக. "தெரியும்மா." "தெரிஞ்சிருந்தா இத்தன மாசம் ஆகாது." அவுக சத்தம் போடுவாகன்னு காத்துக்கிட்டு நிக்கிறேன், அவுக சின்ன நோட்ட எடுத்துப் பேனா மூடியக் கழட்டுனாக. "எந்தத் தேதி?" "எதும்மா?" "கலந்தது. மொதல்ல கலந்த தேதி." "ஆடி மூணாவது வெள்ளிக்கு மறுநா சனிக்கெழமைம்மா." "அதுக்கு முன்னாடி கை வைக்கலல்ல? யோசிச்சுச் சொல்லு." "கருப்பு மேல சத்தியமா இல்லம்மா." எழுதுனாக. வெரல் விட்டு எண்ணுனாக. "தையில இருந்து ஆடி வரைக்கும் ஏழு மாசம் நிக்கும். மத்தது போச்சு." போச்சுன்னு சொல்லும்போது பேனா ஒரு நொடி நின்னுச்சு, அம்புட்டுத்தான். "மாத்திரைய நிப்பாட்டிருவீகளாம்மா?" "எதுவுமே தெரியாம எப்படி நிறுத்த முடியும்? டிரஸ்ட்டுக்கு நான் எழுதுறேன்." சரி, மயிலு தப்பிச்சான். அப்பப் பாத்துப் பல்லுல அந்த நாரு திரும்ப மாட்டுது. அவுக தலையத் தூக்காமயே கேட்டாக, "அதுக்கப்புறம் நாப்பது பேருக்கும் ஒரே மாதிரிதான் போச்சு. சமமா. அப்படித்தானே?"

ஆமான்னு சொன்னா முடிஞ்சுச்சு. ஆமாங்கிறது ரெண்டு எழுத்து. "இல்லம்மா"ன்னேன். பேனா நின்னுச்சு. "கலக்குறதுக்கு முன்னாடி மாசா மாசம் சிவப்பு டப்பாவுல இருந்து முப்பது மாத்திரை தனியா எடுத்துருவேன். ஊறுகா பாட்டில்ல போட்டு வச்சுத் தெனம் ஒண்ணு, சாயங்காலக் காப்பியோட. ஒருத்தனுக்கு மட்டும்." "யாருக்கு?" "மயில்வாகனனுக்கும்மா." "ஏன் அவனுக்கு?" இதத்தான் பதினோரு மாசமா எனக்கே நான் சொல்லல. பாவப்பட்டுன்னு சொல்லலாம், பார்வைன்னு சொல்லலாம். "அவன் எஞ்ஜோக்குக்குச் சிரிக்க மாட்டேன்னான்மா"ன்னேன். சொன்னதும் கூசிப் போச்சு, பெரியப்பன் மகன் கரண்டியத் திருப்பி அள்ளுனது கண்ணுக்குள்ள நிக்குது, அது எங்கையா இருக்கு. அம்மா சிரிக்கல. கோவப்படவும் இல்ல. கொஞ்சம் முன்னால சாஞ்சு ஒக்காந்தாக, முப்பது வருசத்துல அவுக அப்படி ஒக்காந்து நான் பாத்தது ரெண்டு மூணு தடவதான். "மொதல்ல எப்ப சிரிச்சான்?" "புரட்டாசி கடைசி வாரம்மா. நீங்க ரவுண்ட்ஸ் வந்திருந்தீக. நீங்க அடுத்த பெட்டுக்கு நகந்த பெறகு சிரிச்சான், நீங்க பாக்கல." "கிட்டத்தட்ட ரெண்டரை மாசம்"னு எழுதுனாக. "வார்த்தையும் அன்னைக்குத்தான் வந்ததா?" "அன்னைக்குத்தாம்மா. சிரிச்சுட்டு, வியாழக்கெழமைன்னான்." "நீ என்ன ஜோக் சொன்ன?" "அது வேணாம்மா." "எனக்கு வேணும் துரை. சொன்னது சொன்னபடி." தரையப் பாத்துக்கிட்டே சொன்னேன். "நீங்க தெனமும் ஒவ்வொரு பெட்டா நின்னு இன்னைக்கு என்ன கெழமைன்னு கேப்பீகள்லம்மா. அன்னைக்கு அவன் காதுல போயி, படிச்ச பொம்பளைக்கு வருசக்கணக்காக் கெழம மறந்து போகுது, ஊரெல்லாம் கேட்டுக்கிட்டுத் திரியிறாக, பாவம் நீயாவது சொல்லித் தொலையேன்டான்னேன்." அம்மா சிரிக்கல. எழுதிக்கிட்டாக, ஒரு வார்த்த விடாம, படிச்ச பொம்பளைங்கிறதையும் சேத்து. எழுதி முடிச்சுக் கவர வெட்டாம அதும்மேல ஒரு தாள வச்சு, நடந்ததுன்னு தலைப்புப் போட்டு, எம்பேரு, அவுக பேரு, ரெண்டுக்கும் நேரா கையெழுத்துக்குக் கோடு போட்டாக. கத்தரியத் திருப்பி எங்கிட்டத் தள்ளி, "சிஸ்டர்ட்ட நேரம் போட்டுக் குடுத்துரு, சும்மா திரும்பிச்சுன்னு எழுது"ன்னாக. பெறகு தாளு மேல் மூலையில தேதியப் போட்டாக. போட்டுட்டு, பேனா அந்தரத்துல நின்னுச்சு. நெத்தியச் சுருக்கிக்கிட்டு, செவுத்துல காலண்டரத் தேடுறாக, அது நேத்தே வெள்ளையடிக்கக் கழட்டுனது, வெறும் ஆணிதான் இருக்கு. என்னைய நிமிந்து பாத்தாக.

"இன்னைக்கு என்ன கிழமை துரை?"

"பொதங்கெழமைம்மா"ன்னேன். அதையும் எழுதிக்கிட்டாக.